கூலி பெறும் ஆசான்

கண்டி மாநகரின் ஏரிக்கரையில் நின்று தெற்கே நோக்குவோர்க்கு அந்தானை மலைத்தொடர் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது போலத் தோன்றும். அம்மலைமீது ஏறி நின்று, வானம் தெளிந்த காலைப்பொழுதில் வடகிழக்கே பார்த்தால் தும்பறை மலைகள் நீலநிறங் கொண்டு எழுந்து நிற்பதைக் காணலாம். மூடிய கையின் விரற்கணுக்களைப் போன்று அவை வரிசையாக அமைந்திருத்தலின், ஆங்கிலேயர் அவற்றுக்கு 'நக்கிள்ஸ்' எனப் பெயரிட்டனர். அவற்றின் சிகரங்களுட் சில 1800 மீற்றருக்கு மேற்பட்டவை. நண்பகல் வருமுன்னரே முகில் இறங்கி அவற்றை மூடிவிடுவதும் உண்டு. முகில் மூடியபின் பத்தடிக்கு அப்பால் உள்ளது பாதையா, பள்ளமா என்பது புதியவனுக்குப் புலப்படாது. ஆதலினாலேயே தும்பறைக்குப் போகப் புறப்படும் அயலூரவனுக்குக் கண்டிவாசி கூறும் முதல் வார்த்தை, "ஊர் மனிதர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்பதாக இருக்கின்றது.

இவ்வறிவுரையில் ஒரு விசித்திரம் அடங்கியிருக்கின்றது. உலக வழக்கில் கூலி கொடுப்பவன் எசமான். கூலி பெறுபவன் ஏவலாளன். மலையிலோ இம்முறை தலைகீழாகி விடுகின்றது. கூலி கொடுத்தவன் பின்னே நடக்கின்றான். பெற்றவன் முன்னே நடக்கின்றான். 'நில்' என்றால் நிற்கவேண்டும். 'திரும்பு' என்றால், சிகரம் கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பவேண்டும். தன் பணத்தைக் கொடுத்துத் தன்மீது அதிகாரத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளும் இவ்வொப்பந்தம் எவ்வாறு தோன்றியது, அதனை மீறியவர்க்கு என்ன நேர்ந்தது என்பது ஆராயத்தக்க ஒரு வரலாறு.

மத்திய மலைநாட்டிலே வழிகாட்டிகளோடு மலையேறிய வெளிநாட்டாருள், தம் அநுபவத்தை விரிவாக எழுதிவைத்தவர்களில் மூத்தவர் மொரோக்கோ நாட்டு யாத்திரிகராகிய இப்னு பத்தூதா. அவர் 1344ஆம் ஆண்டளவில் இலங்கைக் கரையை அடைந்தபோது, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி புத்தளத்தில் இருந்தார். சிவனொளிபாதமலையைத் தரிசிக்க விரும்புவதாக யாத்திரிகர் கூறியதும், தமிழ் மன்னர் அவருக்குத் துணைவர் குழு ஒன்றை அமைத்துக் கொடுத்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் வழக்கமுடைய யோகியர் நால்வர், பிராமணர் மூவர், மன்னரின் ஆட்கள் பதின்மர், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவர் ஆகியோர் அதில் இருந்தனர், பல்லக்கும் வழங்கப்பட்டது. 2243 மீற்றர் உயரமுள்ள அம்மலைக்கு இரு பாதைகள் இருந்ததாகவும், ஒன்று எளிது, மற்றையது கடினம் எனவும், எளிய வழியாற் சென்றவனை மலையேறியவனாக அங்குள்ளோர் மதிப்பதில்லை எனவும் இப்னு பத்தூதா எழுதுகின்றார். பாறையிற் பொருத்தப்பட்ட சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு ஏறியதையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. இக்குழுவிற் கவனிக்கத்தக்கவர் அந்நான்கு யோகியரே. சுமை சுமப்பவரை எங்கும் பெறலாம். ஆண்டுதோறும் ஒரே மலையை ஏறி இறங்கி, மழையையும் பாறையையும் அறிந்தவரை எங்கும் பெறல் இயலாது.

யாத்திரிகருக்கு வழி திறந்துகொடுத்த இம்மலைநாடு, படையெடுத்து வந்தவர்க்கு வழியை மறைத்தே தன்னைக் காத்துக்கொண்டது. கண்டி இராச்சியத்துக்குக் கற்கோட்டைகளை விடக் காடும் கணவாயும் ஒற்றையடிப் பாதையும் பெரிய அரண்களாக விளங்கின. பாதைகளின் குறுக்கே முட்கதவுகள் இடப்பட்டிருந்தன; அவற்றைக் காவலர் காத்து நின்றனர். மன்னனின் அடையாளம் பதித்த களிமண் முத்திரை இல்லாதவன் அவற்றைக் கடத்தல் அரிது. அகன்ற தெருக்கள் அமைவதை இரண்டாம் இராசசிங்க மன்னன் விரும்பவில்லை என்பதை, அவனது நாட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் எழுதிய நூலிற் காணலாம். அத்தகைய நாட்டில் வழி தெரிந்தவன் ஒருவன் ஓர் ஆயுதத்துக்குச் சமானமானவன்.

இதனை உணராது அழிந்தவர் போர்த்துக்கேயத் தளபதி பேதுரு லோப்பஸ் த சூசா. 1594ஆம் ஆண்டில், தோனா கத்தரீனா என்னும் இளவரசியைக் கண்டிச் சிம்மாசனத்தில் அமர்த்தும் நோக்கத்துடன் அவர் பெரும் படையோடு மலையேறினார். அப்படைக்கு உறுதுணையாயிருந்தவர் ஜயவீர பண்டாரன் என்னும் உள்நாட்டுத் தலைவர். நாட்டையும் மக்களையும் அறிந்த லஸ்கரீன் வீரர் அவருக்குக் கீழ்ப்பட்டிருந்தனர். அவர் பகைவனோடு இரகசியத் தொடர்பு கொண்டிருக்கின்றார் என்ற ஐயத்தை விமலதர்மசூரிய மன்னன் ஒரு கடிதச் சூழ்ச்சியால் விதைத்தான் என்பர். போர்த்துக்கேயர் ஜயவீரனைக் கொன்றனர். லஸ்கரீன்கள் கலைந்து சென்றனர். வழியறிந்தவரை இழந்த படை, கண்டிக்கு மேற்கேயுள்ள தந்துரையிற் சூழப்பட்டு அழிந்தது, தளபதியும் மாண்டார். வழிகாட்டியை நம்பாதிருத்தல் ஒருகால் விவேகமாகலாம். ஆனால் அவனையன்றி நடக்க இயலாத காட்டின் நடுவே நின்றுகொண்டு அவனைக் கொல்லுதல் விவேகமாகாது.

வழிகாட்டியை அமர்த்த இயலாத நிலையில் ஒருவன் என் செய்வான்? அதற்கு விடையாக நொக்ஸ் என்பாரின் வாழ்வே அமைந்திருக்கின்றது. 1660இல் கொட்டியாரக் கரையிற் பிடிபட்ட இவர், கண்டியைச் சூழ்ந்த கிராமங்களில் வாழ்ந்து, இறுதியில் எலதெத்த என்னும் ஊரில் நிலம் வாங்கி வீடும் அமைத்துக்கொண்டார். தப்பியோட வழி கேட்டால், கேட்ட கணமே காட்டிக்கொடுக்கப்படுவார். ஆகவே அவரும் இசுற்றீபன் றட்லன்ட் என்னும் தோழரும் வியாபாரிகளாயினர். புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் முதலியவற்றைச் சுமந்துகொண்டு வடதிசைக் கிராமங்களுக்கு ஆண்டுக்கணக்காகப் போய்வந்தனர். ஒவ்வொரு பயணத்திலும் முன்னையதினும் சிறிது தூரம் அதிகமாகச் சென்று, நீர் எங்குள்ளது, காவல் எங்குள்ளது என்பவற்றை மனத்திற் பதித்தனர். எதிர்ப்பட்டோர் வினவியபோது மான் வற்றல் வாங்க வந்ததாகக் கூறினர். 1679இல் அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையை ஒட்டி நடந்து, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தனர். ஆசானின்றிக் கற்றுத் தேறினார் என இவரைப் புகழ்தல் தகும். அக்கல்விக்குச் சென்ற காலத்தையும் கணக்கிடல் வேண்டும். தேர்ந்த துணைவன் ஒருவன் ஒரு மாதத்திற் காட்டிக் கொடுக்கக்கூடியதை அவர் பல ஆண்டுகளிற் கற்றார்.

ஆங்கிலேயரும் தொடக்கத்தில் போர்த்துக்கேயரின் பாடத்தையே மீண்டும் படித்தனர். 1803இல் அவர்களது படைகள் கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் வந்து கண்டியைப் பிடித்தபோது நகரம் வெறுமையாகக் கிடந்தது. சில மாதங்களிற் காவற்படை நோயால் மெலிந்தது. யூன் மாதத்தில் மேஜர் டேவி சரணடைந்து நகரைவிட்டு வெளியேறினார். வட்டப்புலுவையில் மகாவலி கங்கை பெருக்கெடுத்தோடியது. கடக்கும் வகையின்றிக் கரையில் நின்ற படையிற் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். மறு ஆண்டில், ஆறு திசைகளிலிருந்து கண்டிமீது செல்ல வகுக்கப்பட்ட திட்டத்தில், மட்டக்களப்பிலிருந்து புறப்பட்ட கப்டன் ஜோன்ஸ்ரனின் சிறுபடை ஒன்றே நகரை அடைந்தது. வேறெவரும் வராமை கண்டு, அதுவும் காடுகளினூடே போராடித் திருகோணமலைக்கு மீண்டது. 1815இல் கண்டி வீழ்ந்தபோதோ பெரும்போர் எதுவும் நிகழவில்லை. சிங்கள மொழியைக் கற்ற ஜோன் டொயிலி என்னும் அதிகாரி, பல ஆண்டுகளாக மலைநாட்டுச் செய்தியாளரையும் பிரதானிகளையும் வயப்படுத்தி வந்திருந்தார். எகலப்பொலை அதிகாரமும் ஆங்கிலேயர் பக்கஞ் சேர்ந்திருந்தார். வழி தெரிந்தவரின் மனம் மாறியது. அதன்பின் மலைகள் தடுக்கவில்லை.

பின்னர் தேசாதிபதி பான்ஸ் காலத்திற் கொழும்பு–கண்டித் தெரு அமைந்தது. கடுகண்ணாவையில் நிற்கும் கோபுரம், அத்தெருவை அமைத்த கப்டன் டோசனை நினைவூட்டுகின்றது. 1867இல் புகையிரதமும் கண்டியை அடைந்தது. படைகள் அழிந்த கணவாய்களைப் பிரயாணி உறங்கியவாறே கடக்கலானான்.

ஆயினும் கண்டி மலைகளுக்கு வழிகாட்டப்பட்டு வந்த மற்றொரு பெருங்கூட்டத்தை இங்கே மறத்தல் நன்றன்று. கோப்பித் தோட்டங்களுக்கென 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். தாகத்தாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். அவர்களுக்கு முன்னே நடந்தவன் கங்காணி. அவனும் வழிகாட்டியே, ஆனால் ஒப்பந்தம் வேறு. இங்கே பின்னே நடந்தவன் கூலி கொடுப்பவனல்லன், கடன்பட்டவன். வழிச்செலவே அவன் தலையிற் கடனாக ஏறியது. அக்கடன் 'துண்டு' என்னும் சீட்டில் எழுதப்பட்டு, தோட்டத்துக்குத் தோட்டம் அவனைப் பின்தொடர்ந்தது. 1921இல் சட்டம் அதனை ஒழிக்கும்வரை அவ்வழக்கம் நிலைத்தது. நோயுற்றவனுக்காகக் கூட்டத்தை நிறுத்தினால் நட்டம் கங்காணிக்கு. வழிகாட்டியின் ஊதியம் எதனைச் சார்ந்திருக்கின்றதோ அதனையே அவன் காப்பான் என்பது கண்டிச் சீமை கண்ட உண்மை. இதனை நினைவிற் கொண்டே, கடல்கடந்த மலைகளில் இத்தொழில் வளர்ந்த விதத்தை நோக்குதல் வேண்டும். அங்கும் பிரச்சினை இதுவாகவே இருந்தது.

ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளில் உயர்ந்தது மொன் பிளாங். அதன் உச்சிக்கு வழி கண்டுபிடிப்போர்க்குப் பரிசளிப்பதாக ஜெனீவா நகரத்து அறிஞர் சோசூர் 1760இல் அறிவித்தார். 26 ஆண்டுகள் கழிந்து, 1786 ஆகஸ்ட் 8ஆம் நாள், சமோனிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பல்மா என்பவரும் பக்கார் என்னும் வைத்தியரும் உச்சியை அடைந்தனர். பல்மா மலைகளிற் பளிங்குக் கற்கள் தேடி விற்றுப் பிழைத்தவர். மறு ஆண்டிற் சோசூர் 18 வழிகாட்டிகளோடு தாமே ஏறினார். அதன்பின் கனவான்கள் வரத்தொடங்கினர். ஆடு மாடு மேய்த்தவரும் வேட்டையாடியவரும் கூலிக்கு வழிகாட்டலாயினர். எனினும் மலைமீது யார் சொல் செல்லும் என்பது அப்போது தீர்மானமாகியிருக்கவில்லை.

அதைத் தீர்மானித்தது 1820ஆம் ஆண்டின் துயரம். ஹமெல் என்னும் இரஷிய நாட்டு அறிஞர் அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு குழுவோடு மொன் பிளாங் ஏறினார். வானிலை கெட்டது, புதுப்பனி பெய்திருந்தது. திரும்புதலே தக்கது என வழிகாட்டிகள் கருதினர் எனவும், அதனைக் கோழைத்தனமென அவர் பழித்தார் எனவும் சொல்லப்படுகின்றது. குழு மேலே சென்றது. பனிச்சரிவு இறங்கி வழிகாட்டிகள் மூவரைப் பிளவினுள் தள்ளிப் புதைத்தது. கூலி கொடுத்தவர்கள் உயிரோடு மீண்டனர். புதையுண்டவர்களின் எஞ்சிய உறுப்புக்களையும் பொருள்களையும் பனியாறு மெல்ல மெல்லச் சுமந்து வந்து, 41 ஆண்டுகளின்பின், 1861 தொடக்கம் அடிவாரத்தில் வெளிப்படுத்தியது.

அத்துயரத்துக்கு மறு ஆண்டே, 1821இல், சமோனி வழிகாட்டிகள் ஒரு சங்கம் அமைத்தனர். கூலி விகிதம் வகுக்கப்பட்டது. விபத்துற்றோர்க்கும் அவர்தம் குடும்பத்துக்கும் உதவ நிதி ஏற்பட்டது. வேலை முறைவைத்துப் பகிரப்பட்டது. ஒருவன் போக மறுத்தால் மற்றொருவனை மலிவாகப் பிடித்துக்கொள்ளலாம் என்ற நிலை இதனாற் பெரிதும் மாறியது. 'திரும்பு' என்று சொல்லும் உரிமை வெறும் துணிச்சலால் நிலைப்பதன்று. சொன்னபின் பட்டினி கிடவாத ஏற்பாடு அதற்கு வேண்டும். முறைவைத்து அனுப்பும் விதியிற் குறையும் இருந்தது. வருபவர் தமக்கு விருப்பமான வழிகாட்டியைத் தெரிந்துகொள்ள இயலவில்லை என ஆங்கில மலையேறிகள் பல காலம் முறையிட்டனர். வெறுமனே உச்சியைக் காண விழைவோர்க்கு எவராயினும் போதும். கற்க விழைபவனுக்கோ ஆசானைத் தெரிதல் இன்றியமையாதது. ஆகவே அவர்களது முறையீட்டில் நியாயம் இல்லாமலில்லை.

ஏற்றிவிடுதல் வேறு, ஏறக் கற்பித்தல் வேறு. இவ்வேறுபாட்டைக் கொடுமையாக எடுத்துக்காட்டியது மற்றர்ஹோண் சிகரத்தில் 1865 யூலை 14ஆம் நாள் நிகழ்ந்த விபத்து. எட்வேட் விம்பர் முதலிய எழுவர் அம்மலையை முதன்முறையாக வென்று இறங்கிக்கொண்டிருந்தனர். முன்னே சென்றவர் சமோனியைச் சேர்ந்த மிசேல் குறோ என்னும் பேர்பெற்ற வழிகாட்டி. அவருக்கு அடுத்துவந்த ஹடோ என்னும் 19 வயது இளைஞருக்கு அத்தகைய மலையில் அநுபவம் போதாது. ஆகவே குறோ தம் கோடரியை ஒருபுறம் வைத்துவிட்டு, அவ்விளைஞரின் கால்களைத் தம் கைகளாற் பிடித்து ஒவ்வொன்றாகப் படியில் வைத்துக்கொண்டிருந்தார் என விம்பர் எழுதுகின்றார். இளைஞர் சறுக்கி அவர்மேல் விழுந்தார். அவர்களோடு மேலும் இருவர் இழுக்கப்பட்டனர், கயிறு அறுந்தது, நால்வர் மாண்டனர். கயிற்றின் வலிமையைப்பற்றி அன்று எழுந்த வாதம் நெடுங்காலம் நீடித்தது. அதனினும் முன்னதாக எழவேண்டிய வினா, ஆயத்தமற்ற ஒருவரை அம்மலைக்கு ஏற்றுக்கொண்டது சரியா என்பதே. பிறர் காலைக் கையாற் பிடித்து வைத்து எத்துணை தூரம் இறக்க முடியும்?

இக்காலத்தில் ஒருவர் தம் திறனை வளர்க்கும் பொருட்டு வழிகாட்டியை அமர்த்துவாராயின், முதல் நாளிலேயே சிகரம் நோக்கிப் போவதில்லை. சரிவு குறைந்த பனியாறு ஒன்றிற் பயிற்சி தொடங்குகின்றது. காலணியின் அடியிற் பொருத்திய இரும்பு முட்கள் அனைத்தும் பனியிற் பதியுமாறு பாதத்தைத் தட்டையாக வைத்து நடக்கக் கற்பிப்பர். பின்னர் மாணவனை வேண்டுமென்றே சரிவிற் சறுக்கச் செய்வர். அவன் உடனே புரண்டு, பனிக்கோடரியின் அலகை மார்போடு அணைத்துப் பனியில் ஊன்றித் தன்னை நிறுத்திக்கொள்ளல் வேண்டும். சிந்தனையின்றிக் கை தானே அதனைச் செய்யும்வரை அப்பயிற்சி தொடரும். இருவரை இணைக்கும் கயிறு தொய்வுறாது நடத்தல், பனிப்பிளவில் விழுந்தவனைக் கயிறும் கொளுவியும் கொண்டு மேலே இழுத்தல், பனிக்கட்டியில் முளை திருகி அதன் உறுதியைச் சோதித்தல் ஆகியவை அடுத்த பாடங்கள். சிகரத்துக்குப் போகும் நாளில் இரவு 2 மணியளவிலேயே புறப்படுவர்; வெயில் ஏறினாற் பனி இளகும், கற்கள் உதிரும். செங்குத்தான மலைகளில் ஒரு வழிகாட்டி ஒருவரை அல்லது இருவரையே ஏற்றுக்கொள்வார். இறுதி நாட்களில் நல்ல ஆசிரியர் தாம் பின்னே நின்று மாணவனை முன்னே நடக்க விடுவார். தவறான திசையில் அவன் சிறிது தூரம் போவதைப் பார்த்துக்கொண்டும் இருப்பார். கூலி வாங்கிக்கொண்டு சும்மா நிற்கின்றாரே என நேயர் எண்ணலாம். அக்கூலியில் மிக அருமையாகச் சம்பாதிக்கப்படும் பகுதி அதுதான்.

இம்முறையிற் பயின்று உயர்ந்தவருக்கு உதாரணம் ஆங்கிலேயராகிய மம்மரி. சுவிற்சர்லாந்து வழிகாட்டி அலெக்சாந்தர் பேர்கெனரோடு அவர் 1879இல் மற்றர்ஹோணின் சிமுற் விளிம்பையும், 1881இல் கிறேப்பொன் சிகரத்தையும் முதன்முதலாக ஏறினார். பின்னாளில் வழிகாட்டியின்றியே கடினமான மலைகளை ஏறும் வல்லமை பெற்றார். ஆசானின் வெற்றி அதுவே எனலாம். ஆயினும் 1895இல், இமயத்தின் நங்கபர்வதத்தில், கூர்க்கா வீரர் இருவரோடு சென்ற மம்மரி மீளவில்லை, அவ்விருவரும் மீளவில்லை. அல்ப்ஸிற் பெற்ற கல்வி இமயத்துக்கு முற்றும் போதுமானதன்று என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

இமயத்திலே ஷெர்ப்பா மக்கள் முதலிற் சுமைகாவுவோராகவே அமர்த்தப்பட்டனர். அவர்களுள் ஒருவராகிய டென்சிங் நோர்கே 1935இற் சுமைகாவுபவராகத் தொடங்கினார். 1952இற் சுவிற்சர்லாந்துக் குழுவோடு எவரெஸ்ட் சென்றபோது, ஜெனீவா வழிகாட்டி றேமன் லம்பேர் அவரைச் சுமைகாரனாகவன்றித் தோழனாக ஏற்றுக்கொண்டார். இருவரும் ஒரே கயிற்றிற் பிணைந்து 8500 மீற்றருக்கு மேற் சென்று திரும்பினர். 1953 மே 29ஆம் நாள் டென்சிங்கும் எட்மன் ஹிலரியும் உச்சியை அடைந்தனர். மறு ஆண்டு நவம்பரில் இந்தியப் பிரதமர் நேரு, டார்ஜிலிங் நகரில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையத்தைத் தொடக்கிவைத்தார். அதன் களப்பயிற்சிக்குப் பொறுப்பேற்ற டென்சிங், அதற்கு முன்னர் வேறு சில ஷெர்ப்பாக்களோடு சுவிற்சர்லாந்துக்குச் சென்று, ஆர்ணல்ட் கிளத்தார் என்னும் வழிகாட்டியின் பள்ளியிற் பயின்றார். எவரெஸ்ட் ஏறி முடித்த ஒருவர், அதன்பின் மாணவராக அமர்ந்தார் என்பதைப் பள்ளி ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம். ஏறத் தெரிந்தவருக்கெல்லாம் கற்பிக்கத் தெரிந்துவிடாது. அதற்கெனத் தனியே ஒரு பயிற்சி வேண்டும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். 1965இல் மலை வழிகாட்டிகளின் சர்வதேசச் சம்மேளனம் உருவாயிற்று. நேபாளம் 2012இல் அதன் உறுப்பினராயிற்று.

டார்ஜிலிங் நிலையத்தின் பயன் இலங்கைக்கும் எட்டியது. இத்தீவின் மலைகள் பாறையையும் மழையையும் கற்பிக்கும், காலுக்கு வலிமை தரும், பனியைக் கற்பிக்கமாட்டா. மிகவுயர்ந்த பிதுருதலாகலையே 2524 மீற்றர்தான். எவரெஸ்ட் அதனைப்போல் மூன்றரை மடங்கு, 8849 மீற்றர். ஆகவே இங்குள்ளவர் பனிமலை ஏறக் கருதின், அயல்நாட்டு ஆசானிடம் சென்றே தீரல் வேண்டும். டார்ஜிலிங்கிற் பயிற்சி பெற்ற ஜயந்தி குரு உதும்பால என்னும் பெண்மணி, 2016 மே 21ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியை அடைந்து, அதனை ஏறிய முதல் இலங்கையரானார். ஆண்களுக்கு முன்னே ஒரு பெண் அச்சிறப்பைப் பெற்ற நாடுகள் உலகிற் சிலவே.

இத்தகைய வெற்றிகளின் பின்னால் நிற்கும் விலையையும் சொல்லவேண்டும். 2014 ஏப்ரில் 18ஆம் நாள், எவரெஸ்டின் கும்பு பனியருவியிற் பனிக்கட்டி சரிந்து நேபாளத் தொழிலாளர் பதினறுவர் இறந்தனர். வாடிக்கையாளருக்கென மேல்முகாம்களுக்குச் சுமையும் கயிறும் கொண்டு சென்றவர் அவர்கள். வாடிக்கையாளர் எவரும் அன்று அங்கே இறக்கவில்லை. இறந்தோர் குடும்பங்களுக்குக் கிடைக்கும் காப்பீட்டுத் தொகை போதாதெனக் கூறி அவ்வாண்டு ஷெர்ப்பாக்கள் வேலையை நிறுத்தினர். அப்பக்கத்தில் ஏற்றம் ஏறத்தாழ முற்றாக நின்றது. சமோனியில் 1821இல் எழுந்த அதே கோரிக்கை, 193 ஆண்டுகளின்பின் மற்றொரு மலையடிவாரத்தில் எழுந்தது.

கண்டிக்கு அண்மையிலும் இவ்வழக்கு முற்றும் அந்நியமானதன்று. தும்பறை மலைகள் பாதுகாக்கப்பட்ட காடாகி, 2010இல் மத்திய மலைநாட்டின் பிற பகுதிகளோடு உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தன. மீமுறை முதலிய கிராமங்களிலே இளைஞர் சிலர் பிரயாணிகளோடு மலைக்குச் சென்று கூலி பெறுகின்றனர். அட்டை மிகுந்த புல்வெளியையும் மழைக்குப்பின் வழுக்கும் பாறையையும் அவர்கள் சிறுவயது முதல் அறிந்தவர்கள். பேரம் பேசிக் கூலியைக் குறைத்துக்கொண்டு, பின்னர் முகில் இறங்கும் வேளையில் 'இன்னும் சிறிது மேலே போவோம்' என வற்புறுத்துவோர் அங்கும் வருவர். ஹமெல் என்பாரின் கதையை அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள்.

2016இல் ஜயந்தியோடு எவரெஸ்ட் சென்ற ஜொஹான் பீரிஸ் என்பவர் 8400 மீற்றர் அளவை எட்டியிருந்தார். எஞ்சியது 450 மீற்றருக்கும் குறைவு; பல ஆண்டு ஆயத்தமும் பெரும் பணமும் அதற்காகச் செலவாகியிருந்தன. பிராணவாயு தொடர்பான இடர் நேரவே, அவ்விடத்திலிருந்து அவர் திரும்பி இறங்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் அம்மலைக்குச் சென்று, 2018 மே 22ஆம் நாள் உச்சியில் நின்றார்.